மோட்டார் படகுகள் ஓடும் பெரிய ஏரியில் கயாக்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, நான் சிறிய குளங்களில் மட்டுமே கயாக் (உட்கார்ந்து துடுப்பிடும் குறுகிய சிறு படகு) ஓட்டிப் பழகியவன். அடுத்ததாகப் பெரிய ஏரி ஒன்றுக்குப் போக விரும்புகிறேன். மோட்டார் படகு ஓட்டுபவர்கள் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போவார்கள் அல்லவா?

பதில்: அந்த நம்பிக்கையோடு தண்ணீரில் இறங்காதீர்கள். அவர்கள் எல்லோரும் கவனமற்றவர்கள் என்பது என் கருத்தன்று. மிகுந்த கவனமுள்ளவர் கண்ணுக்கும் கயாக் தப்பிவிடுகிறது. உட்கார்ந்த நிலையில் உங்கள் தலை நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கும். சிறிய அலை எழுந்தாலே கயாக்கின் உடல் மறைந்துவிடும். மோட்டார் படகு வேகமெடுக்கும்போது அதன் முகப்பு மேலெழும்பி, நேர் எதிரே உள்ள தண்ணீரை ஓட்டுபவரிடமிருந்து சிறிது நேரத்துக்கு முழுவதுமாக மறைத்துவிடுகிறது. நீங்கள் சூரியன் இருக்கும் திசையில் இருந்தால், நீரில் தெறிக்கும் ஒளியில் உங்களைப் பிரித்தறிவது இன்னும் கடினம்.

ஒரு கணக்கையும் மனத்தில் வையுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் படகு ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. 300 மீட்டர் தொலைவிலிருந்து 27 நொடிகளில் உங்களிடம் வந்துவிடும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் துடுப்பிடும் நீங்கள் அதற்குள் 40 மீட்டர்கூட நகர்ந்திருக்க மாட்டீர்கள். ஆகவே, யார் கண்ணிலும் நீங்கள் படவில்லை என்று வைத்துக்கொண்டுதான் உங்கள் வழியைத் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: கயாக் வாங்கப் போகிறேன். எந்த நிறம் பாதுகாப்பானது?

பதில்: ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள், இளம்பச்சை கலந்த மஞ்சள் ஆகியவை நல்லவை. நீலமும் கரும்பச்சையும் நீரோடு கலந்துவிடும். வெள்ளையை அலை நுரை என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. ஆனால் கயாக்கின் நிறத்தைவிடத் துடுப்பு அலகின் (நீரைத் தள்ளும் தட்டையான முனையின்) நிறத்துக்கே நான் அதிக மதிப்புத் தருவேன். தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணை முதலில் இழுப்பது, உயர்ந்தும் தாழ்ந்தும் அசைந்துகொண்டே இருக்கும் அந்த அலகுதான். கறுப்பு அலகுள்ள துடுப்பு உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், ஒளியைப் பிரதிபலிக்கும் நாடாவை அதன் இரு பக்கங்களிலும் ஒட்டிக்கொள்ளுங்கள். தொப்பியும் லைஃப் ஜாக்கெட்டும் பளிச்சென்று இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஏரியில் படகுகள் போகும் தடம் ஒன்று நடுவே உள்ளது. ஐந்தாறு பேர் சேர்ந்து அதைக் கடக்க வேண்டியிருக்கிறது. எப்படிக் கடப்பது?

பதில்: பெரிய ஏரியில் ஆபத்து மிகுந்த வேலை இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தடம் 200 மீட்டர் அகலம் என்றால் அதைக் கடக்க உங்களுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் வேகப் படகு ஒன்று ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஓடிவிடும். ஆகையால் அருகில் படகு இல்லை என்பது போதாது; இரு திசைகளிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பார்க்க வேண்டும். தடம் வளையும் இடத்திலோ தீவின் முனையை ஒட்டியோ கடக்காமல், நெடுந்தூரம் திறந்து கிடக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கடக்கும் முன் விளிம்பில் அனைவரும் நின்று, வேகம் குறைந்தவர் யார் என்று பார்த்து, அவருடைய வேகத்திலேயே எல்லோரும் போவதென்று முடிவுசெய்யுங்கள். ஒருவர் பின் ஒருவராக நீண்ட வரிசையில் போனால், வரும் படகுக்கு எந்த இடைவெளியில் நுழைவது என்று தெரியாது. பக்கம் பக்கமாக, துடுப்புகள் இடிக்காத அளவுக்கு நெருங்கி, தடத்துக்குச் செங்குத்தாகக் கடந்துவிடுங்கள். படம் எடுப்பது, தண்ணீர் குடிப்பது எல்லாம் அக்கரை சேர்ந்த பிறகு.

நடுவழியில் ஒரு படகு தென்பட்டால், உங்கள் கயாக்கின் முகப்பிலிருந்து அது எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று கவனியுங்கள். திசை மாறாமல் நீங்கள் போய்க்கொண்டிருக்க, கோணம் மாறாமல் அது பெரிதாகிக்கொண்டே வந்தால், மோதல் பாதையில் இருக்கிறீர்கள். அப்போது அதை முந்திவிட முயலாதீர்கள். நின்று, அது முன்னால் போகட்டும் என்று விட்டு, அதன் பின்புறமாகக் கடந்து செல்லுங்கள். எதைச் செய்தாலும் முன்கூட்டியே, எதிரில் இருப்பவருக்குத் தெளிவாகப் புரியும்படி செய்யுங்கள். கடைசி நொடியில் இங்குமங்கும் திரும்பினால் அவரால் உங்கள் எண்ணத்தை ஊகிக்க முடியாது. உங்களை நோக்கியே வருகிறது என்றால், துடுப்பைச் செங்குத்தாக உயர்த்தி இடமும் வலமுமாக அசைத்துவிட்டு, அதன் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகுங்கள்.

கேள்வி: துடுப்புப் படகுக்கு மோட்டார் படகு வழிவிட வேண்டும் என்று விதி இருக்கிறதே?

பதில்: அப்படிப் பலர் நம்புகிறார்கள். 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று கூறும் வரிசையில் பாய்மரப் படகும் மீன்பிடிக் கலமும் உண்டு. துடுப்புப் படகு இல்லை. மாறாக, குறுகிய கால்வாயை விட்டு விலக முடியாத பெரிய கலத்துக்கு 20 மீட்டருக்குக் குறைந்த எந்தக் கலமும் இடையூறாக இருக்கக் கூடாது என்கின்றன அவ்விதிகள். உள்நாட்டு ஏரிகளுக்குத் தனி விதிகள் இருக்கக்கூடும். இறங்கும் முன் அவற்றைப் படியுங்கள். கண்ணாலும் காதாலும் எப்போதும் கண்காணித்திருக்க வேண்டும் என்ற விதி உங்களுக்கும் உண்டு; காதில் இயர்ஃபோன் வேண்டாம்.

கேள்வி: படகு தொலைவில்தான் போனது, ஆனாலும் அதன் அலையில் கவிழப் பார்த்தேன்.

பதில்: படகு போய்ச் சற்று நேரம் கழித்துத்தான் அலை வந்து சேரும், ஆபத்து முடிந்தது என்று நீங்கள் துடுப்பை மடியில் வைக்கும் வேளையும் அதுவே. முகப்பை அலைக்கு நேராகவோ சற்றே சாய்வாகவோ திருப்பி, இடுப்பைத் தளர்வாக விட்டு, துடுப்பிடுவதை நிறுத்தாமல் தொடருங்கள். நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலகு உங்களைத் தாங்கும். தலைக்கு மேல் தூக்கிய துடுப்பு தாங்காது. முதல் அலையோடு முடிவதில்லை, நாலைந்து தொடர்ந்து வரும். செங்குத்தான கல்சுவர் உள்ள கரையருகே, மோதித் திரும்பும் அலை எதிர்ப்பக்கத்திலிருந்தும் தாக்கும். ஆழம் குறைந்த இடத்தில் அலை செங்குத்தாகி உடைவதால், கரையோரமே எப்போதும் பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம்.

கேள்வி: விடியற்காலையில் பறவைகளைப் படமெடுக்கப் போவேன். விளக்கு கட்டாயமா?

பதில்: ஆம். முன்பு நான் கூறிய அதே பன்னாட்டு விதிகள், துடுப்புப் படகில் குறைந்தது வெள்ளை ஒளி தரும் டார்ச் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், மோதலைத் தவிர்க்கும் அளவுக்கு முன்னதாகவே அதைக் காட்ட வேண்டும் என்கின்றன. பைக்குள் வைத்த டார்ச் பயன்படாது. மூடுபனி இருந்தால் தடத்தைக் கடக்கவே கடக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். லைஃப் ஜாக்கெட்டைப் பின்னால் கட்டி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது, அணிந்துதான் இருக்க வேண்டும். 15 டிகிரி செல்சியஸுக்கும் குறைந்த நீரில் திடீரென விழுந்தால், உடல் தன்னையறியாமல் மூச்சை வேகமாக இழுக்கும். அந்த ஒரு மூச்சு நீருக்கடியில் நேர்ந்தால் நீச்சல் திறமை உதவாது. அடுத்த சில நிமிடங்களில் விரல்கள் வலுவிழப்பதால் ஜாக்கெட்டின் கொக்கிகளை மாட்டவும் முடியாது. விசிலை ஜாக்கெட்டிலேயே கட்டுங்கள். இயந்திர ஓசையில் விசில் பெரும்பாலும் கேட்காது. ஆனால் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தேடுபவருக்குக் கேட்கும்.

கேள்வி: கவிழ்ந்துவிட்டேன், மோட்டார் படகு ஒன்று உதவிக்கு வருகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கயாக்கை விட்டு நீந்திப் போகாதீர்கள்; தனியே மிதக்கும் தலையைவிடக் கவிழ்ந்த கயாக் எளிதில் தெரியும். துடுப்பை உயர்த்தி அசைத்துக் காட்டுங்கள். படகு நெருங்கியதும், இயந்திரத்தை அணைக்கும்படி உரக்கச் சொல்லுங்கள். கியரை நடுநிலையில் வைத்தால் மட்டும் போதாது. முழுவதும் அணைக்கப்பட்ட பிறகே அருகில் போங்கள். பின்புற ஏணி ப்ரொப்பெல்லரை ஒட்டியே இருக்கும் என்பதால், அது நின்றுவிட்டதை உறுதிசெய்துகொண்ட பின்னரே ஏணியில் கை வையுங்கள்.