கார் நைட் ஷிஃப்டுக்குப் போனால் கரண்டும் கூடவே போய்விடுமே!

கேள்வி: வணக்கம் அக்கா. டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன், வயது 44. பிராஸ்பெக்டன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, மாதம் 38,000 ராண்ட் சம்பளம். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. அம்மா இரவில் ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொண்டுதான் தூங்குவார். லோட் ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு குறைந்துவிட்டாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு என்று எங்கள் தெருவில் மாதம் இரண்டு மூன்று தடவை கரண்ட் போய்விடுகிறது. இன்வெர்ட்டரும் 5 யூனிட் லித்தியம் பேட்டரியும் போட 58,000 ராண்ட் கேட்கிறார்கள். ஒரு கார் ஷோரூமிலோ, “6 லட்சம் ராண்டுக்கு மின்சாரக் கார் வாங்குங்கள். அதில் இருப்பது 60 யூனிட் பேட்டரி, பன்னிரண்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்குச் சமம். வீட்டுக்கும் ஆச்சு, மிச்சத்தை முனிசிபாலிட்டிக்கே விற்கலாம்” என்கிறார்கள். 60,000 டெபாசிட், மீதி 5,40,000 கடன், 11.5 சதவீத வட்டி, 72 மாதம், கடைசியில் ஒரே தொகையாகக் கட்ட வேண்டிய ‘பலூன்’ 1,80,000. டெபாசிட்டை ஓய்வூதியச் சேமிப்புப் பானையிலிருந்து (ஓய்வுக்கு முன்பே எடுக்க அனுமதிக்கிற பகுதி) எடுக்கலாம் என்று இருக்கிறேன். 32 நாள் நோட்டீஸ் கணக்கில் 95,000 இருக்கிறது. பழைய கொரோலா கடன் இல்லாமல் நன்றாகவே ஓடுகிறது. மாதம் 1,200 கிலோமீட்டர், பெட்ரோலுக்கு 2,000 ராண்ட். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, கால்குலேட்டரை அப்புறம் எடுப்போம். முதலில் உங்கள் ஷிஃப்ட் அட்டவணையைப் பாருங்கள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் அந்த 60 யூனிட் பேட்டரி எங்கே நிற்கும்? பிராஸ்பெக்டனில், தொழிற்சாலைப் பார்க்கிங்கில். அம்மாவின் மெஷின் எங்கே ஓட வேண்டும்? சாட்ஸ்வர்த்தில், அதே இரவில். ஷோரூம்காரர் சொன்ன கணக்கு தப்பில்லை, 60 என்பது 5-ஐப் போல் பன்னிரண்டு மடங்குதான். ஆனால் கார் வீட்டில் இல்லாத இரவில் பன்னிரண்டும் பூஜ்யமும் ஒன்று.

கார் பேட்டரியால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. போன ஆடியில் ஷால்கிராஸில் உறவினர் வீட்டுக் கஞ்சிப் பூசை. பாதியில் கரண்ட் போனது. ஒரு பையன் தன் காரின் சார்ஜ் வாயில் அடாப்டரை மாட்டி, ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் வயரைக் கராஜ் கதவுக்கடியில் இழுத்து வந்தான். லைட், மைக், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓடின. கஞ்சி விறகடுப்பில் என்பதால் அதற்குக் கவலையில்லை. ஒரு சித்தி மட்டும் பழக்கத்தில் டீ அர்ன்னை, அதாவது டீக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் பெரிய மின்பாத்திரத்தைச் சொருகினார். அவ்வளவுதான், மொத்தமும் இருட்டு. இப்படிப்பட்ட கார்கள் பொதுவாக ஒரு சாக்கெட் வழியாக 2 முதல் 3.3 கிலோவாட் வரைதான் கொடுக்கும். பேட்டரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாய் சின்னது. கீசர், அடுப்பு எல்லாம் அதில் நடக்காது.

சின்ன வாய் போதும் என்றால் கார் நீண்ட நேரம் தாங்கும். ஃப்ரிட்ஜ், விளக்கு, வைஃபை, அம்மாவின் மெஷின் எல்லாம் சேர்த்துச் சராசரியாக 600 வாட் என்று வையுங்கள். ஓட்டுவதற்கு 30 சதவீதம் ஒதுக்கி, மாற்றும்போது ஆகும் இழப்பையும் கழித்தால் 38 யூனிட் கைக்கு வரும். இரண்டரை நாளுக்கு மேல் தாங்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். (அன்று தண்ணீர் ஏறிய கராஜ்களில் கார்கள் என்ன ஆயின என்பதும் தெரியும்.)

“பேட்டரி தேய்ந்துவிடாதா?” என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இந்தப் பயம் மிகை. இரண்டரை மணி நேரம் கரண்ட் போனால் உங்கள் வீட்டுக்கு ஒன்றரை யூனிட் ஆகும். வருஷத்தில் நூறு தடவை போனாலும் 150 யூனிட், அதாவது இரண்டரை முழு சார்ஜ். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒருமுறை ஜோகன்னஸ்பர்க் போய்வந்தாலே அதற்குக் குறையாமல் செலவாகும்.

முனிசிபாலிட்டிக்கு விற்கும் கதையை விட்டுவிடுங்கள். காரிலிருந்து வீட்டுக்கோ, கிரிட் என்கிற பொது மின்கம்பி வலைக்கோ முறையாகக் கரண்ட் அனுப்ப இருதிசைச் சார்ஜர் வேண்டும். ஜப்பானில் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு நிசான் லீஃப் கார்களை வைத்து வீடுகளுக்குக் கரண்ட் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. பிரிட்டனில் மின்சாரக் கம்பெனிகள் கிரிட்டுக்குத் திருப்பித் தரும் வாடிக்கையாளருக்குச் சலுகை தருகின்றன. அங்கெல்லாம் இரவில் மலிவாக வாங்கி மாலையில் விலை ஏறும்போது திருப்பித் தருவதில்தான் ஆதாயம். உங்கள் பில்லில் எந்த மணிக்கும் யூனிட் ஒரே விலைதானே? 3.50 ராண்ட் என்று வைத்தால், காரில் ஏற்றி மறுபடி இறக்கும் யூனிட் இழப்புகளோடு 4.30 ஆகிவிடும். யூனிட்டுக்கு 80 சென்ட் கைநஷ்டத்தில் வியாபாரம். போதாததற்கு, காரின் சாக்கெட்டில் வரும் கரண்ட் கிரிட்டோடு இணையவே இணையாது.

இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரைச் சுவர் சாக்கெட்டில் சொருகினால் வீடு முழுக்க எரியும் என்று யாராவது யோசனை சொன்னால், அவர் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். தெருக் கம்பத்தில் வேலை செய்கிற ஆளின் உயிர் போகலாம். மெயின் கரண்ட் திரும்பும் நொடியில் காரின் இன்வெர்ட்டரும் கருகலாம்.

இனி கடன். மாதத் தவணை 8,670 ராண்ட் வரும். பலூன் இல்லாமல் போட்டால் 10,417. பலூன் இருப்பதால் இளைத்த மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். பலூனோடு மொத்த வட்டி 2,64,000, இல்லாமல் 2,10,000. 54,000 ராண்ட் கூடுதல் வட்டி, தம்பி, கிட்டத்தட்ட உங்கள் இன்வெர்ட்டர் விலை. ஆறு வருஷம் கட்டி முடித்து, 50 வயதில், மறுபடி 1,80,000 ராண்டைத் தேட வேண்டும். பேட்டரி உத்தரவாதம் பல கம்பெனிகளில் எட்டு வருஷம். ஆக, நீங்கள் பலூனுக்குப் புதுக் கடன் போடும் நாளில் அதில் இரண்டு வருஷம்தான் பாக்கி இருக்கும். அந்த நிலையில் கார் என்ன விலைக்குப் போகும் என்று இன்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

பெட்ரோல் மிச்சத்தையும் நேர்மையாகக் கணக்கில் சேர்ப்போம். 1,200 கிலோமீட்டருக்குச் சார்ஜ் இழப்போடு 210 யூனிட், 735 ராண்ட். மாதம் 1,250-க்கு மேல் மிச்சம், நல்ல தொகைதான். அதைக் கழித்தாலும் இன்று இல்லாத 7,400 ராண்ட் செலவு மாதாமாதம் புதிதாக வருகிறது. காப்பீடு ஏறுவதைச் சேர்க்கவே இல்லை. எட்டு மாதத்தில் ஒரு இன்வெர்ட்டர் காசு போய்விடும். உங்களுக்கு 72 மாதம் இருக்கிறது.

ஓய்வூதியப் பானையில் கை வைக்காதீர்கள். 2024 செப்டம்பரில் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். உங்கள் சம்பள அடுக்குக்கு வரி 31 சதவீதம். 60,000 எடுத்தால் 18,600 வரியாகப் போய்க் கையில் 41,400-தான் நிற்கும். நீங்கள் நினைத்த டெபாசிட்டே தேறவில்லை, பார்த்தீர்களா?

நோட்டீஸ் கணக்கிலிருந்து 58,000 எடுத்து இன்வெர்ட்டரைப் போட்டுவிடுங்கள். இன்றே நோட்டீஸ் கொடுத்தால் அடுத்த மாதம் பணம் கைக்கு வரும். 600 வாட் ஓட்டினால் 5 யூனிட் பேட்டரி ஏழு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். நள்ளிரவுக்குப் பிறகு கரண்ட் போனாலும் விடிந்துவிடும். மாலையிலேயே போகிற நாளுக்கு ஃப்ரிட்ஜை அணைத்து அம்மாவின் மெஷினை மட்டும் விடுங்கள். அதற்கும் மேல், மருத்துவரிடம் கேட்டு ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இது பண ஆலோசனை இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கணக்கில் மிஞ்சும் 37,000 உங்கள் ஒரு மாதச் சம்பளம்கூட இல்லை. அதனால் கார் தவணை கட்டுவதாக நினைத்து மாதம் 4,000 ராண்ட் அதே கணக்கில் போட்டு வாருங்கள். சோலார் வரிச்சலுகை கிடைக்குமா என்று கேட்பீர்கள். தனிநபருக்கான அந்தச் சலுகை 2024 பிப்ரவரி 29-ஓடு முடிந்தது. அதுவும் பேனலுக்கு மட்டும்தான் இருந்தது.

கொரோலா ஒருநாள் படுக்கும். அப்போது மின்சாரக் கார் வாங்குங்கள், நானே வாழ்த்துகிறேன். பலூன் மட்டும் வேண்டாம். அந்த நாளுக்காக இப்போதே ஒன்று செய்யலாம். ஜெனரேட்டர் இன்புட் உள்ள இன்வெர்ட்டராகக் கேட்டு வாங்குங்கள். பின்னால் கார் வந்தால், நீண்ட மின்தடையில் காரின் சாக்கெட்டை அந்த இன்புட்டில் கொடுத்து வீட்டுப் பேட்டரியை நிரப்பிக்கொண்டு நீங்கள் ஷிஃப்டுக்குப் போகலாம். எர்த், நியூட்ரல் விஷயம் உண்டு, எல்லாக் காரும் எல்லா இன்வெர்ட்டரோடும் ஒத்துப்போகாது. அதனால் எலெக்ட்ரீஷியன்தான் இணைக்க வேண்டும். பேனல் இல்லாவிட்டாலும் முனிசிபாலிட்டியில் பதிவு தேவையா என்று அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் சிஓசி சான்றிதழ் (மின்வேலை விதிப்படி நடந்தது என்ற சான்று) கையில் வராமல் கடைசித் தொகையைக் கொடுக்காதீர்கள். அதன் நகலை வீட்டுக் காப்பீட்டுக் கம்பெனிக்கு அன்றே அனுப்பிவிடுங்கள்; தீப்பிடித்தால் அவர்கள் முதலில் கேட்கிற காகிதம் அதுதான்.