40 தகடுகளை அடுக்கி ஒட்டி மில்லிங் செய்த பிறகு சேதமில்லாமல் பிரிக்க எந்தப் பசை நல்லது?

மோட்டார் கோருக்கு (உள்ளே காந்தமாகும் இரும்புப் பகுதிக்கு) பயன்படும் 0.5 மி.மீ. சிலிக்கான் ஸ்டீல் தகடுகள் 40-ஐ ஒரே கட்டையாக ஒட்டி, ஓரத்தை மில்லிங் செய்து, அதாவது சுழலும் கட்டரால் சீவி, பிறகு ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் மோட்டார் கம்பெனியில் தொழில் பழகியவன். 9 வருடமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு டூல்ரூமில் (கருவிகளும் அச்சுகளும் செய்யும் பட்டறையில்) வேலை. இங்கே வந்த முதல் வருடம் கிட்டத்தட்ட இதே வேலையை நான் கெடுத்தேன். அதைச் சொன்னால் மற்றது தானே புரியும்.

அன்றைக்கு நான் எடுத்தது இரண்டு டியூப் கலக்கும் எப்பாக்ஸி பசை. ஒவ்வொரு தகட்டின் முகம் முழுக்கப் பூசி, கிளாம்ப் போட்டு, ஒரு ராத்திரி விட்டேன். மில்லிங் அருமையாக வந்தது. பிரிக்கப் போனால் ஒரு தகடு கூட அசையவில்லை. அசிட்டோன் என்ற கரைப்பானில் 3 நாள் ஊறப்போட்டும் ஓரம் மட்டும்தான் லேசாக இளகியது. பிளேடு விட்டு நெம்பியதில் மேல் தகடு சுருண்டு வந்தது. சிலிக்கான் ஸ்டீல் ஒரு தடவை மடங்கினால், தட்டி நேராக்கினாலும் காந்த குணம் பழையபடி இருக்காது. மொத்தமும் கழிவுக்குப் போனது.

எங்கள் ஃபோர்மேன், டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர். இந்த ஊரில் நம்மவர்கள் வயதில் மூத்த ஆண்களை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள், எனக்கும் அவர் அங்கிள்தான். பேச்செல்லாம் இங்கிலீஷ். தமிழ் அவரிடம் சில சொற்களாக மட்டும் தங்கியிருக்கிறது. அவர் திட்டவில்லை. "ஒட்டும்போதே எப்படிக் கழற்றுவோம் என்று யோசித்தாயா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் அந்தக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று தமிழில் "அரக்கு" என்றார். அவருடைய தாத்தா பழைய கிரே ஸ்ட்ரீட் பக்கம் நகை வேலை செய்தவராம். கட்டை நுனியில் அரக்கை இளக்கி, நகையை அதில் பதித்து, செதுக்கி முடித்ததும் மறுபடி சூடு காட்டி எடுப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். நான்கு தலைமுறைக்குப் பிறகும் அந்தச் சொல் அவர் வாயில் சரியான இடத்தில் வந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

தற்காலிகமாக ஒட்டுவதற்கு எனக்கு அதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை. அரக்கு 80 டிகிரி பக்கம் இளகும், ஸ்பிரிட்டில் கரையும். இறுகிய எப்பாக்ஸி சூட்டில் மெத்தென்று ஆகுமே தவிர உருகாது, கரைவதும் அபூர்வம். மோட்டார் கோரை ஒட்டி அப்படியே வாழ்நாள் முழுக்க ஓட்டுவதென்றால் எப்பாக்ஸிதான் சரி. சூடும் அழுத்தமும் கொடுத்தால் தானே ஒட்டிக்கொள்ளும் பூச்சோடு வரும் தகடுகளும் உண்டு. உங்களுக்கு அது வேண்டாம்.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது, அரக்கைப் போலவே சூட்டாலும் கரைப்பானாலும் விட்டுவிடும் சூப்பர் க்ளூ. அதிலும் தண்ணீர் போல ஓடும் ரகம். பூசி அடுக்காதீர்கள். அந்தப் பசை இறுகுவதே தகட்டின் மேல் படிந்திருக்கும் ஈரத்தால்தான். பிப்ரவரி மாத டர்பனில், கடல் காற்றின் புழுக்கத்தில், தகட்டை நேராக வைப்பதற்குள் பிடித்துவிடும். நம் ஊர் கடலோரத்திலும் அப்படித்தான். ஜோஹன்னஸ்பர்கில் குளிர்காலத்துக் காற்று காய்ந்து கிடக்கும், அங்கே அதே பசை நிதானமாகத்தான் பிடிக்கும். ஆகவே முதலில் தகடுகளைப் பசையில்லாமல் அடுக்குங்கள். ஊசி போன்ற பின்களைப் போட்டு வரிசைப்படுத்தி, நன்றாகக் கிளாம்ப் செய்த பிறகு, பக்கவாட்டில் ஓரமாக ஒரு கோடு போலப் பசையை விடுங்கள். தகடுகளுக்கு நடுவே அது தானே உறிஞ்சப்பட்டு உள்ளே போகும்.

இதில் இன்னொரு லாபம், உயரம் கூடாது. 40 தகடு என்றால் 20 மி.மீ. இடைவெளி 39. பூசி ஒட்டும்போது ஒரு இடைவெளிக்கு 20 மைக்ரான் பசை நின்றாலே 0.78 மி.மீ. ஏறிவிடும், அது ஒன்றரைத் தகடு. கிளாம்ப் போட்ட பின் விடும் பசைக்கு நிற்க இடமே கிடையாது. ஆனால் ஓரத்தில் பிசிறு இருந்தால் எல்லாம் வீண். ஒரே ஒரு பிசிறு தகட்டைத் தூக்கிப் பிடிக்கும், அந்த இடத்தில் பசை ஒட்டாது. பிசிறை எடுத்து, எண்ணெய் போக அசிட்டோனில் துடைத்துவிட்டு அடுக்குங்கள். இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் சலிக்காதீர்கள்.

எங்கே பசை விடுகிறீர்கள் என்பதும் முக்கியம். கட்டர் சீவிப்போகும் ஓரத்தில் மட்டும் விட்டால், சீவியதும் பிடிப்பும் போய்விடும், தகடு பறந்து வரும். கட்டர் தொடாத பக்கங்களில் விடுங்கள். தகட்டில் துளை இருந்தால் போல்ட்டும் போட்டுவிடுங்கள். வெறும் பசையை நம்பி கட்டருக்கு முன்னால் நிற்க நான் யாரையும் விடமாட்டேன்.

மில்லிங்குக்குப் பதில், மெல்லிய கம்பியில் மின்பொறி பாய்ச்சி வெட்டும் வயர் கட் என்றால் கதை வேறு. பசையும் சரி, தகட்டின் மேல் ஏற்கெனவே இருக்கும் பூச்சும் சரி, மின்சாரத்தைத் தடுக்கும். நடுவில் உள்ள தகடுகளுக்கு மின்சாரம் சரியாகப் போகாமல் வயர் அறுந்துகொண்டே இருக்கும். கழிவாகப் போகும் ஓரத்தில் எல்லாத் தகடுகளையும் தொடும்படி ஒரு வெல்டிங் கோடு இழுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

இனி பிரிப்பது. அசிட்டோன் சூப்பர் க்ளூவைக் கரைக்கும், ஆனால் ஓரத்திலிருந்துதான் நுழைய முடியும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஓரத்தில் சில மி.மீ. மட்டும் பசை போயிருந்தால், மூடிய டப்பாவில் ஒன்றிரண்டு நாள் ஊறியதும் பெரும்பாலும் விட்டுவிடும். அசிட்டோனைச் சூடாக்கலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள், அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

பசை ஆழமாகப் போயிருந்தால் சூட்டடுப்பில் (ஓவனில்) வையுங்கள். சமையல் ஓவன் கூடாது, பட்டறைக்கென்று தனியாக இருக்க வேண்டும். 200 டிகிரி பக்கம் இந்தப் பசை சிதைந்து பிடிப்பை இழக்கும். அடுக்கின் நடுவரை சூடு ஏற வேண்டும் என்பதால் 20 மி.மீ. கட்டைக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். வரும் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், காற்றோட்டம் கட்டாயம். ஊறவைத்த அசிட்டோன் துளி ஈரமிருந்தாலும் அடுப்புக்குள் போகக்கூடாது. சூடாக இருக்கும்போதே தோல் கையுறை போட்டு, தகட்டை மேலே நெம்பாமல் பக்கவாட்டில் தள்ளுங்கள், சீட்டுக்கட்டை நகர்த்துவது போல. ஆறவிட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். 200 டிகிரியில் சிலிக்கான் ஸ்டீலின் வழக்கமான பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. அலுமினியத் தகடு என்றால் இந்த வழி வேண்டாம், அந்தச் சூட்டில் அதன் உறுதி குறையும். அதற்கு அசிட்டோன்தான்.

அப்புறம் ஒன்று. அடுக்கிக் கிளாம்ப் போட்டதும், பசை விடுவதற்கு முன், கட்டர் படாத பக்கத்தில் ஸ்க்ரைபர் என்ற கூர்முனைக் கருவியால் லேசாக ஒரு சாய்கோடு கீறி வையுங்கள். மார்க்கரில் போட்டால் அசிட்டோனில் அழிந்துவிடும். பிரித்த தகடுகளைத் துடைத்து மறுபடி அடுக்கும்போது, எது தலைகீழ், எது வரிசை மாறியது என்று அந்தக் கோடு உடைந்திருப்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.