இஸ்ரவேலர் எங்கிருந்து வந்தார்கள்? தோண்டிக் கிடைத்ததை வைத்துச் சில பதில்கள்

கேள்வி: இஸ்ரவேலரில் ஆறு லட்சம் ஆண்கள் எகிப்தை விட்டுப் புறப்பட்டதாகப் பைபிளின் யாத்திராகமம் சொல்கிறது. சீனாய் பாலைவனத்தில் ஏதாவது கிடைத்ததா சார்?

அவ்வளவு பெரிய கூட்டம் போன தடயம் கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அவர்கள் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லும் கானான் நாடே எகிப்தின் பிடியில்தான் இருந்தது, காசாவிலும் பெத்செயானிலும் அதன் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எகிப்து அரசனான பார்வோனிடமிருந்து தப்பி பார்வோன் ஆளும் இடத்துக்கே போவார்களா? சிறு கூட்டம் ஒன்று தப்பி வந்து, அவர்கள் கதை பிறகு எல்லோருக்கும் பொதுவாகியிருக்கலாம் என்பார்கள் சில அறிஞர்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

கேள்வி: இஸ்ரவேலர் தலைவன் யோசுவா கானானைப் பிடித்தபோது எரிகோ நகரின் மதில் இடிந்து விழுந்தது என்கிறது பைபிள். அங்கே இடிந்த மதில் கிடைத்ததே?

கிடைத்தது, சண்டை அதன் வயதில். 1930களில் தொல்லியலாளர் ஜான் கார்ஸ்டாங் அது யோசுவா காலத்தது என்றார். 1952 முதல் 1958 வரை அங்கே தோண்டிய காத்லீன் கென்யன், மண்ணடுக்கையும் பானை ஓடுகளையும் வைத்து, அந்த மதில் பல நூற்றாண்டு பழையது, அதற்குப் பிந்தைய நகரமும் கி.மு. 1550 வாக்கிலேயே எரிந்துவிட்டது என்று காட்டினார். யோசுவா பிடித்ததாகச் சொல்லும் ஆயி நகரம் இன்னும் மோசம். பெரும்பாலோர் ஆயி என்று கருதும் மேட்டில், யோசுவா வந்திருக்க வேண்டிய காலத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே ஊர் இல்லை. ஆனால் அவன் எரித்ததாகச் சொல்லும் ஆத்சோர் நகரம் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் நிஜமாகவே எரிந்தது, சிலைகளின் தலையைக்கூட வெட்டியிருக்கிறார்கள். யார் செய்தது என்பதில் அகழ்ந்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

கேள்வி: சரி, அப்படியானால் யார்தான் இவர்கள்?

பெரும்பாலும் கானானியர்களே, அதாவது அந்த நாட்டின் பழைய மக்களே. 1967க்குப் பிறகு மேற்குக் கரை மலைகளில் நடந்த கள ஆய்வில், கி.மு. 1200ஐ ஒட்டி சுமார் 250 சிற்றூர்கள் புதிதாக முளைத்தது தெரியவந்தது. பெரும்பாலும் மதிலோ அரண்மனையோ கிடையாது, தானியக் குழியும் பெரிய சேமிப்புச் சாடியும்தான். பானைகளும் கானானியப் பாணியிலிருந்து வளர்ந்தவையே, வெளிநாட்டுச் சரக்கு அல்ல. பன்றி எலும்பு கிட்டத்தட்ட இல்லை, அதே சமயம் கடலோரப் பெலிஸ்தர் நகரங்களில் ஏராளம். அதற்காகப் பன்றி இல்லாத ஊரெல்லாம் இஸ்ரவேலர் ஊர் என்று எழுதிவிடாதீர்கள், வேறு பல ஊர்களிலும் அது குறைவுதான்.

கேள்வி: பைபிளுக்கு வெளியே அவர்கள் பெயர் முதலில் எங்கே வருகிறது?

1896இல் எகிப்தின் தீப்ஸில் பிளிண்டர்ஸ் பெட்ரி எடுத்த, பார்வோன் மெர்னெப்தாவின் கல்வெட்டில். காலம் சுமார் கி.மு. 1208. இஸ்ரவேலை அழித்துவிட்டேன் என்று பார்வோன் பீற்றிக்கொள்கிறான். பெயர் எந்த வகை என்று காட்டும் எழுத்துக் குறிகளில், பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நாட்டுக் குறி போட்டுவிட்டு, இதற்கு மட்டும் மக்கள் கூட்டத்துக்கான குறி.

கேள்வி: இஸ்ரவேலின் அரசன் தாவீதாவது உண்மையா?

1993இல் வட இஸ்ரேலின் தெல் தாணில் கிடைத்த கி.மு. 9ஆம் நூற்றாண்டு அராமிய எழுத்துக் கல்லில் 'தாவீதின் வீடு' என்று இருக்கிறது. ஆக, அப்படி ஓர் அரச மரபை எதிரிகளே அறிந்திருந்தார்கள். தாவீது கொன்றதாகச் சொல்லும் ராட்சதன் கோலியாத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.