அலபாமாவில் வளரும் குழந்தைக்கு நம் குடும்பச் சூழல் கிடைக்குமா? எனக்குக் கிடைத்தது

ஹன்ட்ஸ்வில்லில் வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் வளர்ந்தால் உறவு, பெரியவர்கள், அக்கம்பக்கம் என்ற எதுவும் தெரியாமலே குழந்தை வளர்ந்துவிடுமோ, பேசாமல் நியூ ஜெர்சியில் வேலை தேடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குழந்தைக்கு ஐந்தாறு வயது இருக்கும் என்றும், அலபாமா என்று சொன்னதும் உறவினர்கள் முகம் சுளித்திருப்பார்கள் என்றும் ஊகிக்கிறேன். 1979இல் ஆறு வயதுச் சிறுமியாக, அப்பா, அம்மா, அம்மாவைப் பெற்ற ஆச்சி ஆகியோருடன் திருநெல்வேலியிலிருந்து அதே ஊருக்குப் போய், பள்ளிப்படிப்பு முழுவதையும் அங்கேயே முடித்தவள் நான். ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை.

முதலில், அலபாமாவின் வரலாறு தெரியாமல் புகழ்கிறாள் என்று பின்னூட்டமிட வருபவர்களுக்கு ஒரு விளக்கம். 1963 செப்டம்பரில் பர்மிங்காம் நகரத் தேவாலயம் ஒன்றில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு கறுப்பினச் சிறுமிகள் பலியான மாநிலம் அது என்பதை நான் நன்றாகவே அறிவேன். என் வகுப்புத் தோழிகள் சிலரின் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் அனுப்பியதில்லை என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது குடும்பச் சூழலைப் பற்றி. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

பருத்திக் காடுகளுக்கு நடுவே இருந்த அந்தச் சிற்றூருக்கு 1950இல் ஏவூர்தி விஞ்ஞானி வெர்னர் ஃபான் பிரவுனும் அவருடைய ஜெர்மானியக் குழுவினரும் வந்து சேர்ந்தார்கள். 1960இல் நாசாவின் மார்ஷல் விண்வெளி மையம் அமைந்தது. என் தந்தை போன்ற பொறியாளர்களை அங்கே இழுத்தது அதுதான். நாங்கள் போய்ச் சேர்ந்த முதல் வாரமே, நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் 5 ஏவூர்தியைக் காட்ட ஆச்சியை அழைத்துச் சென்றோம். ஏறத்தாழ 110 மீட்டர் நீளமுள்ள அந்த ஏவூர்தி, விண்வெளி அருங்காட்சியகத்தின் புல்வெளியில் படுக்கை வாட்டத்தில் கிடந்தது. ஆச்சி அதன் வால் முதல் தலை வரை நடந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெரிசாச் செஞ்சுட்டு, வெயில்லயும் மழையிலயும் போட்டு வச்சிருக்காவளே! நெல்லையப்பர் தேருக்குக்கூட தகரம் அடிச்சு மறைச்சு வைப்பாவல்லா?" என்று என் அப்பாவிடம் நியாயம் கேட்டார். அப்பா சிரித்தார். ஆனால் ஆச்சி சொன்னதுதான் சரி என்று அந்த ஊருக்கே பிற்பாடு புரிந்தது. மழையிலும் ஈரத்திலும் அரித்துப்போன அந்த ஏவூர்தியைச் செப்பனிட்டு, 2008இல் அதற்கென்று ஒரு பெரிய கட்டடத்தையே திறந்தார்கள்.

அதே அருங்காட்சியகத்தில் பேக்கர் என்ற சின்னஞ்சிறு குரங்கு ஒன்று இருந்தது. 1959இல் விண்வெளிக்குப் போய் உயிரோடு திரும்பிய குரங்கு அது. 1984இல் அது இறந்தபோது அங்கேயே புதைத்துக் கல் நட்டார்கள். பார்க்க வருபவர்கள் இன்றும் அந்தக் கல்லின் மேல் வாழைப்பழம் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆகாயத்தில் பறந்து திரும்பிய வானரம் என்றால் அது யார் என்பதில் ஆச்சிக்குச் சிறிதும் ஐயம் இருக்கவில்லை. சனிக்கிழமைகளில் அப்பாவை நச்சரித்துக் காரை எடுக்கச் செய்து, பழத்தை வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு வருவார். அங்கிருந்த அமெரிக்கர்களில் ஒருவர்கூட அதை வினோதமாகப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அவர்கள் கையிலும் வாழைப்பழம்தானே இருந்தது!

எங்கள் பக்கத்து வீட்டில் கணவரை இழந்த ஒரு மூதாட்டி தனியாக வசித்தார். தென்மாநிலத்தில் பெரியவர்களைச் சிறுவர்கள் வெறும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பெண்களாக இருந்தால் பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்த்துத்தான் அழைப்பார்கள், கேட்டதற்கு 'யெஸ் மேம்' என்று முழுதாகப் பதில் சொல்வார்கள். நாங்கள் எல்லோரும் "ஆச்சி, ஆச்சி" என்று கூப்பிடுவதைக் கேட்ட அந்த அம்மையார், அதுதான் இவருடைய பெயர் என்று கருதி, மிகுந்த மரியாதையோடு "மிஸ் ஆச்சி" என்று அழைக்கத் தொடங்கினார். தன்னைவிட மூத்தவர் என்பதால் ஆச்சி அவரை "அக்கா" என்றார். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் படித்தவராதலால் ஆச்சிக்குக் கொஞ்சம் ஆங்கிலமும் நிறையக் கிறிஸ்தவப் பாடல்களும் தெரியும். மாலையில் முன்திண்ணை நாற்காலியில் ஆடிக்கொண்டே அந்த அம்மையார் ஒரு பாட்டை முனகினால், நெற்றி நிறைய விபூதியோடு எங்கள் ஆச்சி அதே மெட்டைத் தமிழில் முழுதாகப் பாடி முடிப்பார்.

வந்த புதிதில் அப்பாவிடம் எல்லோரும் இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள்: எந்தத் தேவாலயத்துக்குப் போகிறீர்கள், நீங்கள் அலபாமாவா ஆபர்னா? முதல் கேள்விக்கு அப்பா பொறுமையாக விளக்கம் சொல்லித் தப்பினார். இரண்டாவது, அந்த மாநிலத்தின் இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஆண்டுதோறும் நடக்கும் அமெரிக்கக் கால்பந்துப் பகையைப் பற்றியது. அப்பா நல்ல மனதோடு "இரண்டும்தான்" என்று சொல்லிவிட்டு, அலுவலகத்தில் இரு தரப்பினராலும் வெகுநாள் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார்.

அந்தக் கால்பந்தால்தான் எங்கள் குடும்பத்தின் மறக்க முடியாத சம்பவம் நடந்தது. 1983 ஜனவரி 26 அன்று அலபாமா பல்கலைக்கழக அணியின் பயிற்றுநர் பால் 'பேர்' பிரையன்ட் மாரடைப்பால் இறந்தார். இருபத்தைந்து பருவங்கள் அந்த அணியை நடத்தி, ஆறு தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்தவர். ஓய்வுபெற்று ஒரு மாதம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. எங்களுக்கு அவர் யாரென்றே தெரியாது. ஆச்சி சன்னல் வழியாகப் பார்த்தபோது, பக்கத்து வீட்டு அம்மையார் அந்தக் குளிரில் வாசற்படியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆச்சி உடனே அடுக்களைக்குத் திரும்பி, "ஏட்டி, அந்த அக்கா வீட்ல யாரோ தவறிட்டாவ போலிருக்கு. அடுப்பு எரியாதுல்லா? வெரசா அரிசியைக் களைஞ்சு போடு" என்று அம்மாவை விரட்டினார். துக்க வீட்டில் உலை வைக்கமாட்டார்கள், அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுபோக வேண்டும் என்பது அவர் பிறந்து வளர்ந்த தெருவின் சட்டம். குழையக் குழையச் சோறும், எவர்சில்வர் தூக்குவாளி நிறைய மிளகு ரசமும் எடுத்துக்கொண்டு, சேலைக்கு மேல் அப்பாவின் கோட்டை மாட்டியபடி, என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு ஆச்சி புறப்பட்டார்.

அந்த அம்மையார் தூக்குவாளியைப் பார்த்தார். அமெரிக்கத் தெற்கிலும் சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவதுதான் வழக்கம் என்பதால், என்ன நடக்கிறது என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆச்சியின் தோளில் சாய்ந்து மறுபடி அழுதார். காலஞ்சென்ற அவருடைய கணவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதும், ஒரு சனிக்கிழமை ஆட்டத்தைக்கூட விடாமல் இருவரும் ஒன்றாகவே கேட்டும் பார்த்தும் வந்தார்கள் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. ரசத்தைக் காப்பிக் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டு, முதலில் இருமினார், பிறகு இன்னொரு கோப்பை கேட்டார்.

மாலையில் வீட்டுக்கு வந்த அப்பா விவரத்தைச் சொல்லி, இறந்தது உறவினர் இல்லை, பந்தாட்டப் பயிற்றுநர் என்று விழுந்து விழுந்து சிரித்தார். ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரா இருந்தா என்ன? அந்த அக்கா அழுதாவல்லா?" என்பதோடு அந்தப் பேச்சை முடித்தார். இறுதி ஊர்வலம் டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்காமுக்குப் போனதைப் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். நெடுஞ்சாலை ஓரத்திலும் பாலங்களின் மேலும் மக்கள் திரள் திரளாக நின்றார்கள். "காமராஜர் போனப்போ நம்ம சனம் இப்படித்தான் நின்னு அழுதுச்சு" என்றார் ஆச்சி. ஊரிலிருந்த மாமாவுக்கு நீலநிற ஏரோகிராமில் வாரந்தோறும் ஆச்சி சொல்லச் சொல்ல நான்தான் கடிதம் எழுதுவேன். அந்த வாரம், "இங்கு பெரிய வாத்தியார் ஒருவர் தவறிவிட்டார், ஊரே துக்கத்தில் இருக்கிறது" என்று எழுத வைத்தார். மாமா என் பள்ளித் தலைமையாசிரியர்தான் இறந்துவிட்டார் என்று எண்ணி, ஆங்கிலத்தில் ஓர் இரங்கல் கடிதம் அனுப்பியிருந்தார்.

தூக்குவாளி வெறுமையாகத் திரும்பவில்லை. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் ஊர்ப் பழக்கமும் ஆகும். ஆச்சி முட்டைகூடத் தொடாத சைவம் என்பது அவருக்கு அதற்குள் தெரிந்திருந்ததால், தன் கொல்லை அத்திப்பழத்தைச் சர்க்கரைப் பாகில் காய்ச்சிச் சீசாவில் அடைத்ததை அதில் வைத்து அனுப்பினார். தெற்கில் கீரையையும் பயற்றையும் பன்றி இறைச்சித் துண்டு போடாமல் சமைப்பது அரிது. எங்களை விருந்துக்கு அழைக்கும்போது மட்டும் இறைச்சி படாத தனிச் சட்டி ஒன்றை அவர் வைத்திருந்தார். அந்தச் சட்டியின் கைப்பிடியில் சிவப்பு நூல் ஒன்று கட்டியிருக்கும்.

இருவருக்கும் சண்டை வந்தது வேர்க்கடலையில் மட்டும்தான். அலபாமாவின் தென்கோடியில் டோதன் வட்டாரம் முழுக்கக் கடலை விளைகிறது. ஆகஸ்டு கடைசியில் அந்த அம்மையாரின் தம்பி ஒரு மூட்டை பச்சைக் கடலை கொண்டுவந்து போடுவார். தோலோடு உப்புப் போட்டு அவிப்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. ஆனால் ஆச்சி முக்கால் மணி நேரத்தில் இறக்கிவிடுவார். அந்த அம்மையாரோ நான்கு மணி நேரம், பருப்பு வெண்ணெயாகக் குழையும் வரை அவிப்பார். "இது கடலையா, களியா?" என்று ஆச்சியும், "மிஸ் ஆச்சி, இது இன்னும் வேகவில்லை" என்று அவரும் சொல்லிக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு திண்ணைகளிலும் மாறி மாறி உட்கார்ந்து இரு சட்டிகளையும் காலி செய்வோம்.

ஆனால் நியூ ஜெர்சியிலிருந்து கோடையில் வந்த உறவினர்கள் எங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். "அங்கே நம்ம ஜனமே இல்லையாமே, பிள்ளைகள் எப்படி வளரும்?" என்று அம்மாவிடம் கல்யாண வீட்டில் வைத்துக் கேட்ட அத்தை ஒருவரின் பிள்ளைகளுக்கு இன்று தமிழ் பேச வராது, ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளிக்குப் போனவர்கள்தாம் அவர்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்களுக்கு வீட்டில் ஆச்சி இருந்தார், அவருக்குக் கடிதம் எழுதித்தர ஆள் வேண்டியிருந்தது. என் தமிழ் அப்படி வந்தது.

எனவே, போகலாமா என்றால் தாராளமாகப் போங்கள். முடிந்தால் உங்கள் அம்மாவையோ மாமியாரையோ ஒரு கோடை முழுக்கவாவது உடன் தங்க வையுங்கள். வீடு பார்க்கும்போது, கார்க் கொட்டகையின் கதவு மட்டுமே தெருவைப் பார்த்திருக்கும் புதுக் குடியிருப்புகளைத் தவிர்த்துவிட்டு, விலை சற்றுக் கூடினாலும் முன்திண்ணை உள்ள பழைய வீடாக எடுங்கள். அந்தத் திண்ணை இல்லாமல் இந்த உறவு எதுவும் எங்களுக்கு வாய்த்திருக்காது. அலபாமாவா ஆபர்னா என்று அக்கம்பக்கத்தார் கட்டாயம் கேட்பார்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசி ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்.