குடைமிளகாய்க்குப் பெயர் மிளகிடம், சொந்தம் தக்காளியிடம்

கேள்வி: வணக்கம் ஐயா. கெலமங்கலம் பக்கம் 40 சென்ட்டில் தக்காளி எடுத்து முடித்துவிட்டேன். அடுத்து அதே இடத்தில் குடைமிளகாய் வைக்கலாம் என்றிருக்கிறேன். விதைப் பாக்கெட்டில் ‘ஸ்வீட் பெப்பர்’ என்று போட்டிருக்கிறது. பெப்பர் என்றால் மிளகுதானே? செல்போனில் தேடினால் மரத்தில் ஏறும் கொடிக்கு உரம் வைப்பதைத்தான் காட்டுகிறார்கள். அந்த முறை இதற்கும் ஆகுமா? இந்தப் பெயர் எப்படித்தான் வந்தது?

பதில்: ஆகாது. நீங்கள் பார்த்த கொடி வேறு, வைக்கப்போகும் செடி வேறு. ஆனால் இந்தக் குழப்பத்துக்கு வயது 500க்கு மேல் ஆகிறது.

1492இல் கொலம்பஸ் கப்பலேறியது மிளகு மாதிரியான சரக்குகளைத் தேடித்தான். போய்ச் சேர்ந்த கரீபியன் தீவுகளில் மிளகு இல்லை. காரமான ஒரு காய் இருந்தது. மிளகின் பெயரையே அதற்கு ஒட்டிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ‘பெப்பர்’ என்ற சொல்லே இங்கிருந்து போனதுதான். வடமொழியில் திப்பிலிக்குப் பிப்பலி என்று பெயர். அது கிரேக்கர் வாயில் பெபெரி, லத்தீனில் பிப்பெர், கடைசியில் பெப்பர். திப்பிலியின் பெயர் மிளகுக்குப் போய், மிளகின் பெயர் மிளகாய்க்கு வந்து சேர்ந்தது.

நாம் மட்டும் என்ன செய்தோம்? போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த காயை, மிளகு போல உறைக்கிறதே என்று மிளகு + காய், மிளகாய் என்றோம். உங்கள் பக்கத்துக் கன்னடக்காரர்களைக் கேளுங்கள்: மிளகு மெணசு, மிளகாய் மெணசினகாயி. தெலுங்கில் மிரியாலு, மிரபகாய. மூன்று வீட்டிலும் ஒரே யோசனை. (பழைய தமிழில் மிளகுக்குக் கறி என்றும் பெயர். யவனர் கப்பல் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்கிறது அகநானூறு. அந்தக் கறி மிளகுதான், ஆட்டுக்கறி இல்லை!)

குடைமிளகாயா, குடமிளகாயா என்றும் சிலர் கேட்பார்கள். இரண்டும் வழக்கில் இருக்கிறது. ஒரு காயைக் குறுக்கே அரிந்து பாருங்கள்: உள்ளே வெற்றிடம், காம்படியில் வெள்ளைத் தண்டு, அதில் அப்பிக்கொண்டிருக்கும் விதைகள். குடமேதான் என்று எனக்குப் படும். கேப்சிகம் என்பதற்கும் பெட்டி என்ற பொருளுள்ள ‘காப்சா’ என்ற லத்தீன் சொல்லைத்தான் பெரும்பாலும் மூலமாகச் சொல்கிறார்கள்.

சரி, உங்கள் 40 சென்ட்டுக்கு வருவோம். பெயர் மிளகோடு சேர்த்தாலும், குடைமிளகாயின் சொந்தக்காரர்கள் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, புகையிலை. மிளகும் திப்பிலியும் தனிக் குடும்பம். தக்காளி எடுத்த கையோடு அதே மண்ணில் குடைமிளகாய் வைப்பது, தக்காளிமேல் தக்காளி வைத்த கணக்குதான். மண்ணில் தங்கிய நோய்க்கு அடுத்த வேளைச் சாப்பாடு தயார்.

தக்காளிச் செடிகளில் ஏதாவது ஒன்று, இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடியதா? வயலில் அப்படி ஒன்று நின்றால், அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்த நிலத்தில் இந்தக் குடும்பத்துப் பயிர் எதுவும் 2, 3 வருடத்துக்கு வேண்டாம்; கேழ்வரகோ மக்காச்சோளமோ போடுங்கள். வேரைப் பிடுங்கிப் பார்க்கும்போது முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. அதற்கு ஒரு போகம் செண்டுமல்லி நல்லது, காசும் வரும்.

மிளகுக்கும் இதற்கும் ஓர் உறவு இருக்கத்தான் செய்கிறது, அதுவும் நோயில். 1922இல் மிளகாய்ச் செடியில் கண்டு பெயர் வைத்த பைட்டாப்தோரா காப்சிசி என்ற, பூசணம் போன்ற கிருமி, மலையில் மிளகுக் கொடியையும் சில நாளில் வாட்டிச் சாய்த்துவிடும். இரண்டுக்கும் தண்ணீர் தேங்கினால்தான் வினை. அதனால் வேறு நிலத்தில் வைத்தாலும் மேட்டுப்பாத்தி போட்டுச் சொட்டுநீரில் வையுங்கள்.

அப்புறம், பீடி பிடிக்கும் ஆட்கள் நாற்றைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். புகையிலையும் இந்தக் குடும்பம்தானே, அதன் தேமல் வைரஸ் விரல் வழியாகவே செடிக்கு ஏறிவிடும்.