மாரி மழை, பஸ், சாறி: கந்தோருக்கு ஒழுங்காகப் போய்ச் சேர என்ன வழி?

கேள்வி: நீர்வேலியில் இருந்து யாழ்ப்பாண நகரத்தில் ஒரு நிதி நிறுவனத்துக்கு வேலைக்குப் போகிறேன். முன் கவுண்டரில் இருப்பதால் சாறி கட்டாயம். ஒழுங்கையால் நடந்து வந்து பஸ் ஏறி, பஸ் நிலையத்தில் இறங்கி ஸ்ரான்லி வீதிப் பக்கம் மறுபடியும் நடக்க வேண்டும். மழை தொடங்கியதில் இருந்து சாறிக் கரையிலும் பின்பக்கத்திலும் சேறு. சப்பாத்து ஊறிப்போகிறது. ஏசிக்குள் ஈரத்தோடு இருக்க நடுங்குகிறது. ஒரு ரெயின்கோட் வாங்கினால் சரிவருமா?

பதில்: ரெயின்கோட்டுக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள், தங்கச்சி. மாரியில் பஸ்ஸில் வேலைக்குப் போகிற எவருக்கும் முழங்காலுக்குக் கீழே நனையத்தான் செய்யும். எங்கள் வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் கொட்டுகிறது, அதுவும் வாடைக்காற்றோடு சரிந்து அடிக்கும். நனையாமல் போக வழி தேடினால் ஒவ்வொரு காலையும் கவலைதான். எது நனைந்தால் பரவாயில்லை, எது நனையவே கூடாது என்று வீட்டிலேயே பிரித்துவிடுங்கள். கீழ்ப்பகுதி நனையட்டும், ஆனால் கெதியாகக் காய்கிற துணியாக இருக்கட்டும். தலை, சட்டை, பை மூன்றும் காய்ந்தபடி போய்ச் சேர்ந்தால், கவுண்டருக்குப் பின்னால் இருக்கிற உங்களை எவரும் குறை சொல்லப் போவதில்லை.

மாரிக்குப் பருத்திச் சாறி வேண்டாம். சும்மா காற்றில் தொங்கும்போதே பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 வீதம் ஈரத்தை வைத்திருக்கும். பொலியெஸ்டர் அரை வீதம்கூட வைத்திருக்காது. கஞ்சி போட்ட பருத்தி இன்னும் மோசம், நனைந்ததும் தொய்ந்து காலில் ஒட்டும். பொலியெஸ்டர் ஜோர்ஜெட்டோ கிரேப்போ என்றால் உதறிவிட்டு மின்விசிறிக்குக் கீழே சற்று நேரம் நின்றாலே பெரும்பாலும் காய்ந்துவிடும். விஸ்கோஸ், ரெயோன் என்று விற்பவை தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆனால் ஈரத்தில் அவற்றின் பலம் பாதியளவு குறைந்துவிடும். பஸ் நெரிசலில் யாராவது தலைப்பை மிதித்தால் பின் குத்திய இடத்தில் கிழியும். நிறத்தில் வெளிர் சாம்பலையும் வெளிர் நீலத்தையும் ஒதுக்குங்கள், ஒரு துளி விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும். கடும் நீலம், மெரூன், பொடிப்பூப் போட்டவை நல்லவை. சட்டையும் மெல்லிய வெளிர்நிறப் பருத்தியாக இருக்கக் கூடாது. நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும்.

சாறியைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள்கூடக் கவனிக்காத ஒன்று உள்பாவாடை. பலர் கட்டுவது தடித்த பருத்திப் பாவாடை. அதன் விளிம்பு தண்ணீரில் பட்டால் போதும், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல ஈரம் மேலே ஏறிவிடும். ஏசிக்குள் உங்களை நடுங்க வைப்பது பெரும்பாலும் சாறி அல்ல, இந்தப் பாவாடைதான். மாரிக்கு மெல்லிய சற்றின் பாவாடை ஒன்று தைப்பியுங்கள். சாறிக் கரையைவிட இரண்டு விரல் உயரமாக நிற்கட்டும். இன்னொன்றைக் கந்தோரில் வைத்திருங்கள். கரையின் உட்பக்கம் தைக்கும் ஃபோலையும் பாருங்கள். மலிவான பருத்தி ஃபோல் நனைந்ததும் சுருங்கிக் கரையை அலையலையாக இழுக்கும், சிலது சாயமும் விடும். தைக்கக் கொடுக்க முன் ஃபோலை ஒருதரம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டுக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் செருப்பு. பின்பக்கச் சேறு எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? வாகனம் அடித்த சேறு கொஞ்சம்தான், மிச்சம் உங்கள் செருப்பே அடித்தது. பின்வார் இல்லாத ரப்பர் செருப்பு ஒவ்வொரு எட்டுக்கும் குதிக்காலில் அடித்துச் சேற்றை மேலே எறியும். பின்னுக்கு வார் உள்ள, அடியில் வெட்டு உள்ள ரப்பர் சாண்டல் வாங்கிப் போட்டுப் பாருங்கள், பாதித் தொல்லை அதோடு போய்விடும். கந்தோர் சப்பாத்து கந்தோரிலேயே இருக்கட்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சப்பாத்தின் குதி எவ்வளவு உயரமோ, சாண்டலின் குதியும் ஏறக்குறைய அவ்வளவாக இருக்க வேண்டும். உயரக் குதிக்கு அளவாகச் சாறி கட்டிவிட்டுத் தட்டைச் செருப்போடு நடந்தால் கரை இரண்டு அங்குலம் கீழே இறங்கி, பஸ் மிதிபலகையையும் ஒழுங்கையையும் கூட்டிக்கொண்டு வரும். வெளிக்கிடும்போது கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பின் குத்துங்கள். போய்ச் சேர்ந்தபின் பின்னைக் கழற்றி இறக்கிவிடலாம்.

நீர்வேலிச் செம்மண் பட்டுவிட்டால் ஈரத்தோடு துடைக்காதீர்கள், நூலுக்குள் இறங்கும். காயவிட்டு, உதறி, பழைய பல்துலக்கியால் தட்டி எடுத்துவிட்டுத்தான் தண்ணீர். மிஞ்சுகிற சிவப்பு, மண்ணில் உள்ள இரும்புத் துரு. அதற்கு வெளுக்கிற குளோரின் போட்டால் கறை இன்னும் இறுகும். தேசிக்காய்ச் சாறும் கொஞ்சம் உப்பும் தடவி ஊறவைத்துத் துவையுங்கள். கடும் நிறச் சாறி என்றால் முதலில் உட்பக்க மூலையில் சோதித்துப் பாருங்கள்.

சரி, ரெயின்கோட். மோட்டார் சைக்கிளுக்கென்று விற்கிற கோட்டும் களிசானும் உங்களுக்கு ஆகாது. காற்றுப் போகாத பிளாஸ்ரிக், நெரிசல் பஸ்ஸில் பத்து நிமிடம் நின்றால் வியர்வையே உங்களை நனைத்துவிடும். சாறிக்கு மேலே போட்டால் மடிப்பும் கலையும். தலையால் மாட்டுகிற, கை இல்லாத, பையையும் சேர்த்து மூடுகிற அகலமான போர்வை மாதிரி ஒன்று கிடைக்கும், அதை வாங்குங்கள். பஸ் வரக் கண்டதும் கழற்றி, உட்பக்கம் வெளியே வரச் சுருட்டி ஒரு சொப்பின் பைக்குள் போட்டுவிடலாம், அடுத்தவர் மேல் தண்ணீர் சொட்டாது. குடையும் வேண்டும். கைப்பைக்குள் அடங்கும் மூன்று மடிப்புக் குடை வாடைக்காற்றுக்குத் தாங்காது. நீளமான ஒற்றைக் கம்பிக் குடையாகப் பாருங்கள். பஸ்ஸில் யன்னலோர இருக்கை கிடைத்தால், உட்கார முன் கையால் தடவிப் பாருங்கள். கண்ணாடிக்கு அடியால் ஒழுகிய தண்ணீர் இருக்கையில்தான் தேங்கி நிற்கும்.

கந்தோரில் ஒரு இழுப்பறை கேளுங்கள். சப்பாத்து, உள்பாவாடை, சின்னத் துவாய், நாலைந்து பின், ஒரு மெல்லிய சால்வை, இவ்வளவும் அதில் அடங்கும். உடை மாற்ற ஒரு கதவு பூட்டுகிற அறை கேட்பதிலும் தப்பில்லை. சாறி கட்டாயம் என்கிற நிறுவனத்துக்கு அதைக் கட்ட ஒரு இடம் தருகிற கடமையும் உண்டு என்பது என் அபிப்பிராயம். தலைமயிரைப் பின்னிக்கொண்டு போய், அங்கே கொண்டை போடுங்கள்.

மாரியில் இன்னொரு சங்கடம் துணி நாற்றம். வீட்டுக்குள் அரைகுறையாகக் காய்ந்த துணியில் கிருமி பெருகி நாறும். அயன் பண்ணினால் போகாது, சூட்டில் இன்னும் கிளம்பும். மறுபடி துவைத்து, கொடியில் நெருக்காமல் விட்டுவிட்டுப் போட்டு, மின்விசிறி விடுங்கள். தோல் சப்பாத்து நனைந்தால் பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணியுங்கள். அடுப்படியில் வைத்தால் தோல் வெடிக்கும்.

வெள்ளம் நிற்கிற நாளில் மட்டும் உடுப்புக் கவலையை மறந்துவிடுங்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வெள்ளத்தில் இறங்குவது எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டது. எலிக்காய்ச்சல் கிருமி காலில் உள்ள சின்னக் கீறலாலும் உள்ளே போகும். 2024 மார்கழியில் அந்தக் காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. செருப்போடேயே கடவுங்கள், போனதும் சவர்க்காரம் போட்டுக் காலைக் கழுவுங்கள். பிறகு காய்ச்சலும் தசை நோவும் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் மேலாளருக்குத் தொலைபேசி எடுத்து, பிந்தி வருவதாகச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருங்கள்.