நெல் நட்டு 20 நாளாகியும் தூர் கட்டவில்லை, வயலில் குமிழி: தண்ணீரை வடிக்கலாமா?

வடிக்கலாம், இன்றைக்கே வடியுங்கள். பயிர் மஞ்சளாக நிற்பதற்கும், கால் வைத்த இடத்தில் குமிழி கிளம்புவதற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். நடவுக்குச் சற்று முன்புதான் வைக்கோலை மடக்கி உழுதேன் என்கிறீர்கள். மட்காத வைக்கோல் தேங்கிய நீருக்கடியில் காற்றில்லாமல் அழுகுகிறது. குமிழியில் முக்கியமாக இருப்பது மீத்தேன்.

முதலில் ஒரு குத்தைப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள். வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ இருந்தால் பயமில்லை. கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. (அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேனுக்கு மணமே கிடையாது.)

மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்வரை காயவிடுங்கள். புது வெள்ளை வேர் கிளம்பும். அப்புறம் காய்ச்சலும் பாய்ச்சலும்தான்: துளையிட்ட குழாயை மண்ணில் இறக்கி, குழாயில் நீர்மட்டம் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே போனதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். மீத்தேனும் நன்றாகக் குறையும்.

யூரியா போட்ட கையோடு மட்டும் வடிக்காதீர்கள். தழைச்சத்து வீணாகும், மீத்தேனைப் போலவே புவியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும் கூடும். பூக்கும் சமயத்தில் காயவே விடக்கூடாது, பதராகிவிடும்.